எட்டுப் பெட்டி ரயில்

ஸ்தனிஸ்லாஸ் ஏற்காட்டில் முப்பத்தாறு வருடம் வயரிங் செய்தவர். அப்பா எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்தார். இவர் மிஷன் பள்ளியில் எட்டாவதோடு நின்று, ஒரு கான்ட்ராக்டருக்குக் குழாயும் வயரும் சுமந்து தொழில் கற்றார். கடைசிப் பதினாலு வருடம் ஒரே லாட்ஜில் எலக்ட்ரீஷியன். லாட்ஜுக்குப் பின்னால் ஓர் அறை. அதில் அவரும் மனைவி லூர்துசெல்வியும்.

பிப்ரவரியில் முதலாளி வெங்கடேஷ் கரண்ட் வேலை முழுவதையும் சேலத்துக் கம்பெனி ஒன்றிடம் கொடுத்தார்.

"கோவிச்சுக்காதீங்க. பழைய டைனிங் ஹால்ல குழந்தைகளுக்கு ஒரு பொம்மை ரயில் வெக்கறேன். மே மாசக் கூட்டத்துக்குள்ள ஓட்டிக் காட்டுங்க. அப்புறம் அதைப் பாத்துக்க ஒரு ஆள் வேணும். நீங்களே அதைப் பாத்துக்கிட்டு, இப்ப மாதிரியே ரூம்ல இருந்துக்கலாம்."

ரயிலுக்கான மேஜை ஹால் சுவரோடு சேர்த்துப் போடப்பட்டிருந்தது. ஸ்டேஷனிலிருந்து ஒரு நேர்ப் பாதை. முனையில் அது பிரிந்து, பிளாஸ்டர் மலையைச் சுற்றி, மறுபடி தன்னோடேயே வந்து சேரும். போன ரயில் போன பாதையிலேயே திரும்பி வர வேண்டும்.

இடது தண்டவாளத்துக்குச் சிவப்பு, வலதுக்குக் கறுப்பு வயர் கொடுத்தார். சுவிட்சைப் போட்டதும், தண்டவாளத்துக்குக் கரண்ட் கொடுக்கும் மின்பெட்டி 'டிக்' என்று அணைந்தது. மூன்று நாள் ஒவ்வொரு வயராகப் பிரித்துப் பார்த்தார். எதிலும் தப்பில்லை.

"சர்ச்சு முழுக்க வயரிங் பண்ணுன ஆளு, பொம்மைக்குப் போயி முழிக்கறீங்களே" என்றார் லூர்துசெல்வி.

"சர்ச்சு சுத்தி வந்து அதும்மேலயே முட்டாது புள்ள."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. ஹாலுக்குப் போய் இடது தண்டவாளத்தில் விரலை வைத்து அதன் போக்கிலேயே நகர்த்தினார். மலையைச் சுற்றி வந்த விரல் வலது தண்டவாளத்தில் போய் நின்றது. சிவப்பும் கறுப்பும் ஒன்றையொன்று தொடக்கூடாது என்பதுதான் அவர் தொழில். இந்த வட்டம் தொட வைத்தது.

வட்டத்தின் இரு முனைகளிலும் தண்டவாளத்தை அறுத்துத் தனியாக்கினார். ஒண்டிக்கடை பஜாரில் மாடிப்படிக்குப் போடும் டூ-வே சுவிட்ச் இரண்டு வாங்கி, இரண்டும் ஒன்றாக விழும்படி சைக்கிள் கம்பியால் கட்டினார். ரயில் முழுதும் வட்டத்துக்குள் போனதும் ஒரு தட்டு. நேர்ப் பாதையில் சிவப்பும் கறுப்பும் இடம் மாறும். இன்ஜினும் மூன்று பெட்டிகளும் தடங்கலில்லாமல் வெளியே வந்தன. மேனேஜர் நவீன் கைதட்டினார்.

ஏப்ரல் கடைசியில் முதலாளி புதுப் பெட்டிகளோடு வந்தார். எட்டு. ஒவ்வொன்றிலும் விளக்கு. தண்டவாளத்துக் கரண்டிலேயே எரியும் இரும்புச் சக்கரப் பெட்டிகள். அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்து வரிசையாக வைத்தபோதே ஸ்தனிஸ்லாஸுக்குத் தெரிந்துவிட்டது.

"ஐயா, இது வட்டத்தை விட நீளமுங்க. வாலு உள்ள வாறதுக்குள்ள தலை வெளிய போயிருது. எப்பத் தட்டுனாலும் ஒரு பக்கம் ஷார்ட்டாகும்."

"ஓட்டிப் பாக்காமயேவா?"

ஓட்டினார். நின்றது. சுவிட்சை முன்னால் தட்டினார். நின்றது. பின்னால் தட்டினார். நின்றது.

"மூணு பெட்டிக்கு ஓடுனது எட்டுக்கு ஓடாதா? அப்ப வட்டத்தைப் பெருசாக்குங்க."

"செவுரு இருக்குதுங்களே."

"மூணு பெட்டியை ஓட்டிக் காட்டுனா சிரிப்பாங்க." முதலாளி குனிந்து விளக்குகளைப் பார்த்தார். "நிக்கட்டும். நின்னாலே அழகாத்தான் இருக்குது. போட்டோ எடுத்துக்குவாங்க."

"அப்ப இதுக்குன்னு ஆள் வேண்டாங்க சார்" என்றார் நவீன்.

முதலாளி ஸ்தனிஸ்லாஸைப் பார்க்காமல் சொன்னார். "ரூமைப் பத்தாந்தேதிக்குள்ள நவீன்கிட்ட ஒப்படைச்சிருங்க. லைட்டு மட்டும் எரியற மாதிரி பண்ணிக் குடுத்துட்டுப் போங்க."

"கரண்ட் விட்டா இன்ஜின் கிளம்புமுங்க."

"கிளம்பாம பண்ணுங்க."

நேர்ப் பாதையில், இன்ஜினுக்கும் முதல் பெட்டிக்கும் நடுவில் ரம்பத்தை வைத்து ஒரு தண்டவாளத்தை அறுத்து, இன்ஜின் பக்கம் கரண்ட் போகாமல் செய்தார். சுவிட்சைப் போட்டார். எட்டுப் பெட்டியிலும் விளக்கு எரிந்தது. இன்ஜின் அசையவில்லை. வேலை சுத்தமாக இருந்தது.

அறையில் லூர்துசெல்வி துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"ஓடுச்சுங்களா?"

"ஓடாத மாதிரி பண்ணச் சொன்னாங்க. பண்ணிட்டேன்." கட்டிலில் உட்கார்ந்தார். "பத்தாந்தேதிக்குள்ள காலி பண்ணோணும். நாளைக்கு ஒண்டிக்கடைப் பக்கம் ஊடு ஏதாச்சும் வாடகைக்கு இருக்குதான்னு பாக்கறேன்."

"மே மாசக் கூட்டத்துலயா ஊடு கெடைக்கும்?" என்றார் லூர்துசெல்வி.