பிராதில் எழுதிய கார்

கார் வாங்கப் போகிறவர்கள் மைலேஜ் கேட்பார்கள், கலர் பார்ப்பார்கள், பின்சீட்டில் மூன்று பேர் தாராளமாக உட்காரலாமா என்று உட்கார்ந்தே பார்ப்பார்கள். நான் இன்ச் டேப் எடுத்துக்கொண்டு போனேன். தரையிலிருந்து முன்சீட்டு எவ்வளவு உயரம் என்று பார்க்க வேண்டும். எனக்கு வேண்டியது ஐம்பத்திரண்டு சென்டிமீட்டர்.

அந்த அளவு எங்கள் வீட்டு பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து வந்தது. வெறும் நாற்காலியில் உட்கார்ந்தால் அப்பாவால் தானாக எழுந்திருக்க முடியவில்லை. ஜமுக்காளத்தை மடித்துப் போட்டால் கையை ஊன்றி எழுந்துவிடுகிறார். அதற்கு மேல் ஒரு தலையணையையும் வைத்தால் கால் தரையில் பாவாமல் தொங்குகிறது. ஏறி உட்காருவதற்குள் மூச்சு வாங்கிவிடுகிறது. ஜமுக்காளம் போட்ட நாற்காலியை அளந்து பாக்கெட் டைரியில் எழுதிக்கொண்டேன். ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கூடக் குறைய இருக்கலாம், அதற்கு மேல் ஆகாது.

அப்பா இருபத்தெட்டு வருஷம் விருத்தாசலத்தில் ஒரு செராமிக் பட்டறையில் கல் அரைக்கிற மெஷினில் நின்றவர். வெள்ளைக் கல்லைப் போட்டால் மாவாக வரும். அதைக் களிமண்ணோடு கரைத்து, அச்சில் ஊற்றி, காயவைத்து, சூளையில் சுடுவார்கள். வேலை முடிந்து வரும்போது அப்பாவின் புருவம் வெள்ளையாக இருக்கும். சின்ன வயசில் எனக்கு அது வேடிக்கை. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டியபோது அதே வெள்ளை உள்ளே இருந்தது. நுரையீரல் இறுகிவிட்டது, இனி இளகாது, மேற்கொண்டு மோசமாகாமல் பார்த்துக்கொள்ளலாம், இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். வெளியே வந்ததும் அப்பா சொன்னார்:

"சுட்டாச்சு தம்பி. இனிமே கரைக்க முடியாது."

ஆனாலும் போய்க்கொண்டிருந்தோம். நெய்வேலி, வடலூர் வழியாக பஸ்ஸில். ஒரு நாள் வடலூரில் பஸ் மாறும்போது இரண்டாவது படியில் அப்பா நின்றுவிட்டார். ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. பின்னால் ஆட்கள். கண்டக்டர், "பெருசு, ஏறுறதுன்னா ஏறு, இல்லாட்டி எறங்கு," என்றார். திட்டவில்லை, அவசரத்தில் சொன்னார். அப்பா கம்பியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார்.

"எறக்கி வுடு. போதும்."

அன்றைக்குத் திரும்பி வந்ததிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்றுவிட்டார். கெஞ்சிச் சம்மதிக்க வைத்து வாடகைக் காரும் பார்த்தாயிற்று. ஒன்று தாழ்வான வண்டி. உட்கார்ந்துவிட்டார், எழுப்ப டிரைவரும் நானும் அக்குளில் கை கொடுத்துத் தூக்க வேண்டியிருந்தது. இன்னொன்று உயரமான வண்டி. ஏறும்போதே உதடு நீலம் பூத்துவிட்டது. மூன்றாவது டிரைவர் அப்பாவுக்காகக் கூடவே எடுத்துப்போகிற ஆக்சிஜன் சிலிண்டரைப் பார்த்துவிட்டு, "இது இருந்தா வேணாங்க, பயமா இருக்குது," என்று போய்விட்டார். எனக்கு வேண்டியது தாழ்வும் இல்லாத, உயரமும் இல்லாத ஒரு நடுவாந்திர வண்டி. அந்தஸ்துக்கு இல்லை. அப்பாவின் முழங்காலுக்கு.

அந்தச் சமயத்தில்தான் அம்மா பிராது கட்டப் போகலாம் என்றது.

வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். பக்கத்தில் மணவாளநல்லூர் முருகன் கோயிலில், குறை இருப்பவர்கள் அதைச் சாமி பேருக்கு மனுவாக எழுதி, பூசை வைத்து, மடித்துக் கட்டிவிட்டு வருவார்கள். அதுதான் பிராது. ஊருக்கும் கோயிலுக்கும் எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டு அதற்குத் தக்கபடி கட்டணம். மூன்று மாதத்துக்குள் முடிந்துவிடும் என்பார்கள். முடிந்ததும் திரும்பப் போய் ராஜினாமா கொடுத்து, பிராதை வாபஸ் வாங்கிக்கொள்ள வேண்டும். அதைக் கொடுக்காமல் விடக்கூடாது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். இப்போது எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிற மங்களூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும் என் கைக்குத்தான் வரும். சாமிக்கு எழுதுகிற காகிதமும் வந்தது. கோயிலில் எழுதித் தர ஆள் இருந்தும், "எம் புள்ள எழுதுவான்," என்று அம்மா அவரிடம் பெருமையாகச் சொல்லிவிட்டு என் பக்கத்தில் குந்திக்கொண்டது.

"ஊட்டுக்காரருக்கு மூச்சு திரும்பி வரணும், முன்ன மாதிரி எந்திரிச்சி நடக்கணும்னு எழுது. வளவளன்னு எழுதாத. சாமிக்கு ஆயிரம் பிராது வருது."

பேனாவைத் திறந்தேன். அந்த எக்ஸ்ரே படம் கண்ணில் நின்றது. விடையே இல்லாத கணக்கைப் பரீட்சையில் கொடுக்கக்கூடாது என்று நினைக்கிறவன் நான். நடக்கக்கூடியதைக் கேட்போம் என்று தோன்றியது. 'என் கணவர் சிரமம் இல்லாமல் உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்குப் போய்வர ஏற்ற கார் ஒன்று எங்கள் வீட்டுக்கு வந்து சேர வேண்டும்' என்று எழுதினேன்.

"படிச்சிக் காட்டு," என்றது அம்மா.

நான் எழுதியதைப் படிக்கவில்லை. அம்மா சொன்னதைப் படித்தேன். தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, கைநாட்டு வைத்தது. கட்டிவிட்டு வந்தோம். வீட்டில் அப்பா கட்டணம் எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன்.

"அவ்ளோதானா? பக்கத்து ஊருக்காரன்னா சாமிக்கும் எளக்காரந்தான்."

அப்புறம் நான் காரை அளக்க ஆரம்பித்தேன்.

சனி, ஞாயிறுகளில் அக்கா வீட்டுக்காரர் மோட்டார் பைக்கில் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து வருவார். அவருக்குக் கரும்பு, டிராக்டர் வைத்திருக்கிறார். வண்டி விஷயம் அவருக்குத் தெரியும் என்று துணைக்குக் கூட்டிப்போனேன். முதல் ஷோரூமில் நான் கதவைத் திறந்து, தரையில் குந்தி, டேப்பை நிமிர்த்திப் பிடித்ததும் அவர் இரண்டடி தள்ளிப்போய் நின்றுகொண்டார்.

"மாப்ள, வண்டிக்கு ஜாக்கெட்டு தைக்கப் போறியா?"

"இருங்க மாமா."

"அக்குளு அளவும் எடுத்துக்க. அப்புறம் புடிக்குதுன்னு திருப்பிக் குடுத்துடப் போறாங்க."

அங்கே விற்பனை பார்க்கிற பையன் மரியாதையானவன். பின்னால் டிக்கியைத் திறந்து காட்டி, நாலு பெட்டி வைக்கலாம் சார் என்றான். சிலிண்டரைப் படுக்க வைக்கலாமா என்று கேட்டேன்.

"கேஸ் கிட்டு போடப் போறீங்களா சார்? கம்பெனியே போட்டுத் தருது சார்."

"இல்லைங்க. ஆக்சிஜன்."

அவன் டிக்கியை மெதுவாக மூடினான். அதுவரை பேசிக்கொண்டிருந்த சன்ரூஃபைப் பற்றி அதன்பிறகு பேசவில்லை.

டைரியில் கட்டம் போட்டேன். சீட்டு உயரம். கதவு எவ்வளவு அகலம் திறக்கிறது. கதவுக்கு மேலே பிடித்துக்கொள்ளக் கைப்பிடி இருக்கிறதா. சீட்டு எவ்வளவு பின்னால் சாயும். எங்கள் தெரு முனையில் சாக்கடை மேல் போட்ட சிமெண்டுப் பலகை மேடாக இருக்கும், அதில் அடி தட்டுமா. விருத்தாசலம், நெய்வேலி, கடலூர் என்று ஐந்து இடம் போனோம். நீளமான கார்கள் நாற்பத்தாறு, நாற்பத்தேழு. ஜீப் மாதிரி இருப்பவை அறுபத்தைந்துக்கு மேல். ஒன்று ஐம்பத்திரண்டு வந்தது. அதில் கதவு பாதிதான் திறந்தது. இன்னொன்றில் கதவு சரி, கைப்பிடி இல்லை.

எங்கள் வீட்டில் ஒரு பொருள் வாங்கினால் அதுதான், மாற்றி வாங்குகிற பேச்சே கிடையாது. கிரைண்டர் அப்படி, கட்டில் அப்படி. அதனால் பயம். தப்பாக வாங்கிவிட்டால் அப்பா இன்னொரு தடவை படியில் நிற்பார். கடன் கிடைத்துவிட்டது, வாத்தியார் சம்பளத்துக்குக் கூப்பிட்டுக் கொடுக்கிறார்கள். தாமதம் என்னால்தான். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய தேதி ஒன்று போயிற்று. இன்னொன்றும் போயிற்று. அப்பாவின் பேச்சில் இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு என்று இருந்தது, ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சு என்று ஆனது. நான் இன்னும் கதவின் அகலத்தில் இருந்தேன்.

"அளந்தது போதும் மாப்ள," என்றார் மாமா ஒரு நாள். இந்தத் தடவை கிண்டல் இல்லை. "எதையாச்சும் ஒண்ண ஓட்டிட்டு வா."

கடைசியில் ஒன்று கிடைத்தது. ஐம்பத்து மூன்று. கதவு நன்றாக மலர்ந்து திறந்தது, மேலே கைப்பிடி இருந்தது, சிலிண்டர் படுத்தது. ஷோரூம் பையனே தெருவுக்கு ஓட்டிக்கொண்டு வந்தான். வாசலிலிருந்து வண்டி வரைக்கும் எட்டு அடி. அப்பா இரண்டு தடவை நின்று வந்தார். கைப்பிடியைப் பிடித்தார், திரும்பினார், உட்கார்ந்தார். நாற்காலியில் உட்காருகிற மாதிரியே உட்கார்ந்தார். விரலை மடக்கி முன்பலகையில் இரண்டு தட்டு தட்டினார். பட்டறையில் சூளையிலிருந்து எடுத்த எதையும் அப்படித்தான் தட்டிக் கேட்பார்கள், கீறல் இருந்தால் சத்தம் செத்திருக்கும்.

"என்னங்கய்யா, சத்தம் சரியா இருக்குதா?" என்றான் பையன்.

"பிளாஸ்டிக்கு. இதுல... எங்க... கேக்கும்?"

எல்லாரும் சிரித்தோம். அந்த ஒரு நாள் எனக்கு எல்லாம் கூடிவந்த மாதிரி இருந்தது. ரயில்வே கேட் வரைக்கும் ஓட்டிப்போய்த் திரும்பினோம். அப்பாவே எழுந்து இறங்கினார். யாரும் கை கொடுக்கவில்லை.

வண்டி வந்த வாரமே புதுச்சேரிக்குப் போனோம். நான் ஓட்டினேன். அப்பா முன்னால், அம்மா பின்னால் சிலிண்டரை ஒரு கையால் பிடித்தபடி. வடலூரில் அந்த பஸ் நிறுத்தத்தைத் தாண்டும்போது அப்பா தலையைத் திருப்பிப் பார்த்தார். நான் மெதுவாகத்தான் போனேன். ஒரு வேகத்தடையிலும் வண்டியைக் குலுங்க விடவில்லை.

டாக்டர் பார்த்துவிட்டு என்னை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டார். அடுத்த தேதி என்றைக்கு என்று நானே கேட்டேன். இப்போது வண்டி இருக்கிறது, எப்போது சொன்னாலும் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றும் சொன்னேன்.

"வேணாம் தம்பி. இனிமே அலைக்கழிக்காதீங்க. வீட்லயே வச்சுப் பாத்துக்குங்க."

முன்னாலேயே வந்திருந்தால் என்று ஆரம்பித்தேன். அவர் என் தோளில் கை வைத்தார். ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லியிருந்தால் எது ஒன்றையாவது பிடித்துக்கொண்டிருப்பேன்.

திரும்பி வரும்போது அம்மா பின்சீட்டில் தூங்கிவிட்டது. நெய்வேலி தாண்டியதும் அப்பா கேட்டார்.

"அடுத்து... எப்பன்னாரு?"

"சொல்றேன்னாருப்பா."

"ம்."

ரொம்ப தூரம் போன பிறகு, "சீட்டு... சரியாத்தான் இருக்குது," என்றார்.

இப்போது கார் வீட்டு வாசலில்தான் நிற்கிறது. நான் மங்களூருக்கு பஸ்ஸில்தான் போகிறேன். அப்பாவுக்கு வண்டி வேண்டும். ஆஸ்பத்திரிக்கு இல்லை. உட்கார. நாற்காலியை விட அந்த சீட்டில் மூச்சு கொஞ்சம் சுலபமாக இருக்கிறது என்கிறார். காலையில் வெயில் ஏறுவதற்கு முன்னால் கூட்டிவந்து உட்கார வைப்போம். கதவு திறந்தபடி இருக்கும். சாவி வீட்டுக்குள் ஆணியில் தொங்கும். அரை மணி நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டு இருப்பார்.

அப்படி ஒரு காலையில்தான் பிராதில் நான் என்ன எழுதினேன் என்பதை அவரிடம் சொன்னேன். யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது. கேட்டுவிட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, அது அடங்க வெகுநேரம் ஆனது.

"அப்ப... கேஸு முடிஞ்சிட்டுது. போயி... ராஜினாமா... குடுத்துடு."

"அம்மாகிட்ட என்னப்பா சொல்றது?"

"அதயும்... நீயே... எழுதிக்க."

நான் இன்னும் கொடுக்கவில்லை. கொடுத்தால் அம்மா கேட்டதையும் சேர்த்து வாபஸ் வாங்கியது போல ஆகிவிடும். கொடுக்காவிட்டால் கேட்டதை வாங்கிக்கொண்டு சும்மா இருக்கிறோம். இரண்டில் எது குறைந்த தப்பு என்று எனக்குத் தெரியவில்லை. கட்டம் போட்டுப் பார்க்கிற விஷயம் இல்லை இது.

நேற்றுக் காலை அம்மா ஈரத்துணியால் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தது. அப்பா உள்ளே உட்கார்ந்திருந்தார். நான் பள்ளிக்கூடம் கிளம்பிச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். பால் ஊற்றுகிறவர் தெருவில் நின்று, "பிராது கட்டுனீங்களே, பலிச்சிட்டுது போலருக்குதே. காரே வந்துட்டுது," என்றார்.

அம்மா துணியைப் பிழிந்து உதறியது.

"இது எம் புள்ள சம்பளத்துல வாங்குனதுங்க. சாமிகிட்ட கேட்டது வேற. மூணு மாசத்துக்கு இன்னும் பதினோரு நாளு இருக்குது."

அப்பா என்னைப் பார்க்கவில்லை. நான் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு நடந்தேன்.