குதிரை நிலையில் மாட்டிக்கொண்ட காலை

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு இருபத்தைந்துக்கு என் இடது இடுப்பு மூட்டு பூட்டிக்கொண்டது. நேரம் இவ்வளவு சரியாகத் தெரிவதற்குக் காரணம் உண்டு. எனக்கு நேர் எதிரே, கை கழுவும் தொட்டிக்கு மேலே ஒரு பெரிய கடிகாரம் மாட்டியிருந்தது. அதற்குப் பிறகு வெகுநேரம் என்னால் பார்க்க முடிந்த ஒரே பொருள் அதுதான்.

அன்று எங்களுக்குக் கராத்தே பெல்ட் தேர்வு. நாற்பத்தெட்டு வயதில் மஞ்சளிலிருந்து ஆரஞ்சுக்குப் போக முயன்றுகொண்டிருந்தேன். துடியலூரில், மேட்டுப்பாளையம் ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே இருக்கும் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில்தான் பெரியவர்கள் வகுப்பு. மேசைகளை மடக்கிச் சுவரோரம் சாய்த்துவிட்டு ஒருவரையொருவர் உதைத்துக்கொள்வோம். முகூர்த்த நாட்களில் விடுமுறை. சின்னவர்களுக்கு வெளியே, கார் நிறுத்துமிடத்தில் வகுப்பு. என் மகள் அங்கே.

நான் பயந்த சுபாவம். மகள் டியூஷன் விட்டு வரச் சற்றுத் தாமதமானாலும், வாசலில் நின்றபடி நான் மனதுக்குள் போலீஸ் ஸ்டேஷன்வரை போய் வந்துவிடுவேன். அவளுக்குத் தற்காப்பு தெரிந்தால் எனக்குத் தூக்கம் வரும் என்றுதான் கராத்தே பேச்சை எடுத்தேன். அப்போது அவள் பிளஸ் ஒன் சேர்ந்த புதிது. கதவைச் சாத்திக்கொண்டு, கேட்டதற்கெல்லாம் "ஒண்ணுமில்ல" என்று மட்டும் பதில் சொல்லும் பருவம்.

"நீயும் சேர்ந்தா வாரேன். நீ நின்னுட்டா நானும் நின்னுக்குவேன்" என்றாள்.

நான் பின்வாங்குவேன் என்று நினைத்திருப்பாள். அடுத்த வாரமே எனக்கும் ஒரு வெள்ளை உடை வாங்கிவிட்டேன். அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தபோது ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டவள் போல இருந்தேன்.

நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. வகுப்புக்குப் போகிற வழியில், ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து அவள் பேச ஆரம்பித்தாள். வீட்டில் முகத்தைப் பார்த்துச் சொல்லாததையெல்லாம் என் ஹெல்மெட்டின் பின்பக்கத்திடம் சொன்னாள். கூடப் படிக்கும் ஒருத்தி பக்கத்தில் உட்காருவதை நிறுத்திவிட்டது. இயற்பியல் புரியாமல் புரிந்ததுபோலத் தலையாட்டுவது. இன்ஜினியரிங் படிக்க விருப்பமே இல்லை என்பது. அந்தக் கடைசிச் செய்திக்கு நான் நட்டநடு ரோட்டில் பிரேக் போட்டேன். நல்லவேளை, பின்னால் பஸ் வரவில்லை. அதற்குப் பிறகு எதைக் கேட்டாலும் ஆக்சிலேட்டரைச் சீராகப் பிடித்துக்கொள்ளப் பழகினேன்.

மதுக்கரையில் சிமென்ட் ஆலையில் வேலை பார்க்கும் என் கணவர் ஒரு முறை, "நான் கொண்டுபோய் உட்டுட்டு வாரேன்" என்று கிளம்பினார். அன்று அவள் போக வர வாயைத் திறக்கவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

இதற்கு நடுவில்தான் இடுப்பு. இடுப்பு வலி என்றால் எல்லோரும் முதுகைத்தான் பார்க்கிறார்கள். பேன்ட் பாக்கெட் இருக்கும் இடம் என்று நான் விளக்க வேண்டியிருந்தது. எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, மூட்டு தேய ஆரம்பித்திருக்கிறது என்றார். நடக்கலாம், நீந்தலாம். குந்தி உட்காரக் கூடாது, காலை அகட்டி நிற்கக் கூடாது, பக்கவாட்டில் வீசக் கூடாது. எங்கள் மாஸ்டரின் பாடத்திட்டத்தை எதிரே வைத்துக்கொண்டு பேசியதுபோல இருந்தது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. நான் நின்றால் அவள் நிற்பாள். அவள் நின்றால் ஸ்கூட்டர் நிற்கும்.

ஆகவே சமாளித்தேன். உடையை மாற்றுமுன் தைலம் தேய்த்து, வாசம் தெரியாமலிருக்க மேலே பவுடர் போட்டேன். உதைப்பதெல்லாம் வலது காலால் மட்டும். எதிரில் நிற்பவர்களுக்கு இது சீக்கிரமே தெரிந்துவிட்டது, ஆனாலும் மரியாதைக்காக ஆச்சரியப்படுவதுபோல வாங்கிக்கொண்டார்கள். திரும்பிக் குத்தும்போது வயிற்றிலிருந்து ஒரு கத்தல் போட வேண்டும். என்னுடையதுதான் வகுப்பிலேயே சிறந்தது என்று மாஸ்டர் எல்லோருக்கும் எடுத்துக் காட்டினார். "அக்கா உள்ளிருந்து கத்தறாங்க பாருங்க. அது நடிச்சா வராதுங்க." உண்மைதான், வராது.

வண்டியை நிறுத்தி ஸ்டாண்ட் போடும்போது மட்டும் வாயை அடக்க முடியாது. "முருகா" என்று விடுவேன். மண்டபத்து வாட்ச்மேன் ஒரு நாள் எனக்கென்று மருதமலையிலிருந்து திருநீறு கொண்டுவந்து கொடுத்தார்.

இப்போது குதிரை நிலைக்கு வருகிறேன். கால்களை நன்றாக அகட்டி, முழங்காலை மடக்கி, இல்லாத குதிரைமேல் உட்கார்ந்தாற்போல நிற்க வேண்டும். ஜப்பானில் எப்படியோ தெரியாது, எங்கள் வகுப்பில் அதை முடித்துவைப்பது மாஸ்டர் இல்லை. அவர் அன்னூர்க்காரர், முப்பது வயது இருக்கலாம். வயதில் மூத்தவர்களை "எந்திரிங்க" என்று சொல்ல அவருக்கு வாய் வராது. பந்தியில் பெரியவர்கள் சாப்பிட்டு முடிக்கும்முன் இலையை மடித்து எழுந்திருக்க மாட்டோம் அல்லவா, அதே வழக்கத்தை இங்கேயும் வைத்திருந்தார். மூத்தவர் எழுந்தால் மற்றவர்கள் எழலாம். எங்கள் வகுப்பில் மூத்தவள் நான். எப்போதும் சீக்கிரமே எழுந்துவிடுவேன், அதனால் எனக்கு நல்ல பெயர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, ஏழு இருபத்தைந்துக்கு, எழுந்திருக்க நினைத்தேன். இடுப்பு வரவில்லை. மூட்டுக்குள் யாரோ கொண்டி போட்டதுபோல இருந்தது. மேலே போக முடியவில்லை, கீழே உட்காரவும் முடியவில்லை. சொல்லியிருக்கலாம். சொன்னால் தேர்வு போகும், மாஸ்டர் வெளியிலிருந்து மகளைக் கூப்பிடுவார், அவளுக்குத் தெரிந்துவிடும். சிரித்த முகத்தோடு கடிகாரத்தைப் பார்த்தேன்.

பக்கத்தில் மோட்டார் பம்புக்கு உதிரிபாகம் செய்யும் பட்டறைக்காரர் நின்றிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, தலையைத் திருப்பாமல் மெதுவாகக் கேட்டார்.

"ஏனுங்க்கா, இன்னைக்கு ஒரு முடிவோட வந்திருக்கீங்களாட்ட இருக்குதுங்க."

"அப்படியெல்லாம் இல்லீங்க."

"பரவால்லீங்க, நில்லுங்க. அவசரமில்லீங்க. பட்டறையை இனிமே தம்பி பார்த்துக்குவான்."

பின்வரிசையில் யாருடைய முழங்காலோ சொடக்குப் போட்டது. மாஸ்டர் என் முன்னால் வந்து நின்றார். கண் கலங்கியிருந்தது. "இதுதானுங்க மன உறுதி" என்று வரிசையைப் பார்த்துச் சொன்னார். "அக்காவுக்கு வேர்க்குது, உதடு நடுங்குது, எந்திரிக்கிறாங்களா பாருங்க."

மாலை ரிசப்ஷனுக்குச் சமைக்கும் ஆட்கள் அண்டாக்களோடும் காய்கறி மூட்டைகளோடும் வாசலில் வந்து நின்றார்கள். நாங்கள் சத்தமில்லாமல் நிற்பதைப் பார்த்துச் சமையல்காரர் செருப்பைக் கழற்றினார். ஏதோ பிரார்த்தனை என்று நினைத்திருக்க வேண்டும். வெகுநேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு மாஸ்டரிடம் குனிந்து கேட்டார்.

"ஏனுங்க, சாமி வாரதுக்கு இன்னும் நேரமாகுங்களா? காயெல்லாம் வெயில்ல கெடக்குதுங்க."

"அக்கா எந்திரிக்கோணுமுங்க."

"எப்ப எந்திரிப்பாங்க?"

"அதை நாம எப்படிங்க கேக்கறது?"

சமையல்காரர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். பதிலுக்குக் கும்பிடக் கையை அசைத்தேன். இடுப்புக்குள் மின்னல் வெட்டியது. கத்தினேன். மாஸ்டர் கைதட்டினார்.

அதே நேரத்தில் பட்டறைக்காரர், வெட்டிய தென்னைமரம் யோசித்து யோசித்துச் சாய்வதுபோல, பக்கவாட்டில் சாய்ந்தார். தரையில் கிடந்தபடி, "மன்னிச்சுக்கோங்க்கா, உங்களுக்கு முன்னால உளுந்துபோட்டேன்" என்றார். "பரவால்லீங்க" என்றேன். எனக்கு அழுகை வந்துகொண்டிருந்தது. வலியால் மட்டும் இல்லை. இனி எப்படியும் தெரிந்துவிடும், அடுத்த புதன்கிழமை வகுப்பு நேரத்தில் அவள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருப்பாள், நான் வீட்டு ஹாலில் தனியாக உட்கார்ந்திருப்பேன் என்று தோன்றியதால்.

கடைசியில் மகள் வந்தாள். அவள் தேர்வு முடிந்திருந்தது, வண்டிச் சாவி என்னிடம் இருந்தது. கூடத்துக்குள் நுழைந்து, நடுங்கும் வரிசையையும், தரையில் கிடந்தவரையும், செருப்பில்லாமல் நின்ற சமையல்காரரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். நேராக என்னிடம் வந்தாள்.

"இடுப்பாம்மா?"

"இல்ல கண்ணு, சும்மா..."

"ஸ்டாண்டு போடறப்பெல்லாம் முருகாங்கறே. அதைப் பக்தின்னா நான் நெனைச்சுட்டு இருப்பேன்?" என்றாள். பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பினாள். "எல்லாரும் எந்திரிங்க. எங்கம்மாவால எந்திரிக்க முடியாது. இடுப்பு புடிச்சுக்கிச்சு."

வரிசை மொத்தமும் தரையில் சரிந்தது. சமையல்காரரின் ஆட்கள் நால்வர் வந்து, அண்டாவைத் தூக்கும் பக்குவத்தோடு, குதிரைமேல் இருந்த நிலை மாறாமல் என்னைத் தூக்கினார்கள். உட்காரவைக்க வேறு இடம் இல்லாததால் அடுத்திருந்த மண்டபத்து மேடையில் மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் சிவப்புச் சோபாவில் வைத்தார்கள். மாஸ்டர், "சொல்லியிருக்கலாமேங்க்கா" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே விசிறினார்.

மகள் பக்கத்தில் உட்கார்ந்து என் காலை மெல்ல நீட்டிவிட்டாள். யாருக்கும் கேட்காத குரலில் சொன்னேன். "நான் நின்னுட்டா நீயும் நின்னுக்குவேன்னு சொன்னியே."

"நான் எங்க நிக்கறேன்? இன்னைக்குத்தான் பச்சை வாங்கியிருக்கேன்." புது பெல்ட்டை என் மடியில் போட்டாள். பிறகு மேடைக்குக் கீழே, கத்தரிக்காய் மூட்டைகள் வரிசையாக உள்ளே போவதைப் பார்த்தபடி சொன்னாள். "நாளைக்கு டாக்டர்கிட்டப் போறோம். அவர் சரிங்கற வரைக்கும் நீ இங்க வந்து சும்மா உக்காந்திரு, நான் ஒதைச்சுக்கறேன். ஆனா கால் சரியானதும் வண்டியை நீதான் ஓட்டோணும். அப்பா ஓட்டறப்ப சும்மா சும்மா திரும்பி என் மூஞ்சியைப் பார்க்கறாரு."