அஷ்டமியில் பதிவான பத்திரம்

எங்கள் அய்யன் மறைந்து ஓராண்டு நிறையும் இன்று, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உற்றார் உறவினருக்கும் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே மகள் வணக்கம் கூறி எழுதுகிறேன். தந்தையாரை நம் பக்கத்து வழக்கப்படி அய்யன் என்றே அழைத்து வந்தேன். இங்கும் அப்படியே எழுதுகிறேன். துக்கம் கேட்க வந்த பலர் அவருடைய பொறுமையைப் புகழ்ந்தீர்கள். உண்மையில் அவருக்குப் பொறுமை குறைவு. இருந்த கொஞ்சத்தையும் ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் செலவழித்துவிட்டார்.

கருமத்தம்பட்டிக்கு வடக்கே ஒரு சிற்றூரில் பிறந்தவர் அய்யன். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்து, தம்பியை, அதாவது என் சித்தப்பாவை, ஆளாக்கினார். தம் சொந்த உழைப்பில் மேற்கே ஒரு சரளைக்காட்டை வாங்கினார். பாறையை வெடி வைத்துத் தகர்த்துக் கிணறு வெட்டி, மாடு பூட்டிக் கவலை இறைத்து, அங்கே பருத்தி விளைவித்தார். ஊரே சிரித்த நிலம் அது. பிறகு அதே ஊர் அங்கே தண்ணீர் குடிக்க வந்தது.

என்னைப் பெரியநாயக்கன்பாளையத்தில் கொடுத்திருந்தார். காய்ச்சலில் என் கணவர் போய்விட, நான் திரும்பி வந்தேன். அம்மா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். அய்யனும் சித்தப்பாவும் பாகம் பிரியாதவர்கள். அய்யனுக்குப் பிறகு அந்தத் தோட்டமும் கூட்டுக் குடும்பச் சொத்து என்று யாராவது சொல்லிவிட்டால், வழக்காடியே என் ஆயுள் தீரும். ஆகவே தோட்டத்தை என் பெயருக்கு எழுதிப் பதிந்துவிட அய்யன் முடிவு செய்தார். ஒரு வாரத்து வேலை என்று நினைத்தார், பாவம்.

தாமதத்தில் பாதி ஆபீஸுடையது, பாதி நம்முடையது. நம் சனங்களுக்குப் பத்திரம் பதிய வளர்பிறை வேண்டும், செவ்வாய் ஆகாது, அஷ்டமி நவமி ஆகாது, ராகு காலம் கழிய வேண்டும். இத்தனையும் போக மாதத்தில் மிஞ்சும் சில நாட்களில் தாலுக்காவே ஒரே வாசலில் போய் முண்டியடிக்கும். மற்ற நாட்களில் குமாஸ்தா ஈ ஓட்டுவார். அய்யனும் நல்ல நாள் பார்த்தே போனார். ஒரு முறை அவர் முறை வருவதற்குள் ஆபீஸ் மூடிவிட்டது. அடுத்த முறை, பழைய பத்திரத்தில் தெற்கெல்லை வண்டிப்பாதை என்று இருக்க, இதில் இட்டேரி என்று எழுதியது ஏன் என்று குமாஸ்தா திருப்பி அனுப்பினார். இரண்டும் ஒரே வழிதான் என்று அதில் நடக்கும் மாட்டுக்குக்கூடத் தெரியும். வந்தவர்களை வரிசைப்படி அழையுங்கள் என்று அய்யன் மனு ஒன்றும் கொடுத்துப் பார்த்தார். மனுவை வேறு ஆபீஸில் கொடுக்க வேண்டும் என்று பதில் வந்தது.

அதற்குள் ஆடி பிறந்துவிட்டது. அய்யனுக்கு மூச்சிரைப்பும் தொடங்கியது. சித்தப்பா தினமும் வந்து, "ஏனுங்ணா, ஆடியில போயி ஆராச்சும் பத்திரம் பதிவாங்களா? ஆவணி பொறக்கட்டுங்க" என்பார். தாமதம் யாருக்கு ஆதாயம் என்று ஊர் கணக்குப் போட்டது. நானும் போட்டேன். அய்யன் மட்டும் போடவில்லை.

ஒரு நாள் காலையில் வண்டி பூட்டச் சொன்னார். அன்று செவ்வாய்க்கிழமை, தேய்பிறை அஷ்டமி. எழுதிக் கொடுப்பவரை அடையாளம் சொல்ல இரண்டு சாட்சிகள் வேண்டும். நம் உறவில் ஒருவரும் வண்டியில் ஏறவில்லை. கருமத்தம்பட்டி மாதா கோயிலில் வேதம் சொல்லிக் கொடுக்கும் உபதேசியார், தமக்கு எல்லாம் ஆண்டவர் கொடுத்த நாள்தான் என்று சொல்லித் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். அன்று வேறு கிராக்கியே இல்லாத பத்திரம் எழுதுபவர் இரண்டாம் சாட்சியானார்.

ரிஜிஸ்திரார் அய்யனை ஏற இறங்கப் பார்த்து, அன்று அஷ்டமி என்பது தெரியுமா என்று கேட்டாராம்.

"தெரிஞ்சுதானுங்க வந்தேன். உங்களுக்கு வேல இல்லாத நாளாப் பாத்து வந்திருக்கறனுங்க."

பதிவு முடிந்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு அய்யன் வீட்டில் இருந்தார். அதன் பின் பார்ப்பவரிடமெல்லாம் அஷ்டமியில் போகச் சொன்னார். சிலர் போகவும் செய்தார்கள். அவர்கள் காடு கழனி ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

ஆனால் பதிந்த பத்திரத்தை ஆபீஸ் புத்தகத்தில் கையால் நகல் எழுதிய பிறகே திருப்பித் தருவார்கள். நல்ல நாட்களில் குவிந்த பத்திரங்கள் அய்யனுடையதற்கு முன்னால் மலையாகக் கிடந்தன. போகும்போதெல்லாம் இன்னும் எழுதவில்லை என்றார்கள். அப்படி ஒரு முறை போய் வந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை. கார்த்திகையில் அமைதியாகக் கண் மூடினார்.

காரியங்கள் முடிந்து, பதிவன்று ஆபீஸில் கொடுத்த ரசீதோடு நான் போனேன். அதில் அய்யன் பெயர் மட்டுமே இருந்தது. தாமே வந்து வாங்குவதாக நினைத்திருந்தார். குமாஸ்தா தலையை நிமிர்த்தாமல், "ரசீதுல இருக்கறவரையே வரச் சொல்லும்மா" என்றார்.

"அவர் வரமாட்டாருங்க" என்றேன்.

விவரம் தெரிந்ததும், அப்படியானால் ஆண் வாரிசு யாராவது நேரில் வந்து ஆட்சேபம் இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார். என் வீட்டில் ஆண் வாரிசு சித்தப்பா ஒருவர்தான். அந்தத் தோட்டத்துக்கு வழக்குப் போட முடிந்தவரும் அவர் ஒருவர்தான். இரவெல்லாம் யோசித்து, விடிந்ததும் போய்ச் சொன்னேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். அன்று என்ன நாள் என்று கேட்கவே இல்லை.

அவர் கையெழுத்துப் போட்ட பிறகும் குமாஸ்தா, சாப்பிட்டுவிட்டு வருவதாகச் சொல்லி எழுந்தார். சித்தப்பா குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. அன்றும் உயர்த்தவில்லை. குமாஸ்தாவின் மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"எங்கண்ணன் உங்க வாசல்ல காத்துக் கெடந்தே போயிட்டாருங்க. இந்தப் புள்ள கையில பத்திரத்தக் குடுத்துப்போட்டு அப்புறமாச் சாப்படப் போங்க."

குமாஸ்தா உட்கார்ந்தார். நகல் எப்போதோ எழுதி முடித்துப் பீரோவில் கிடந்திருக்கிறது. எடுத்துக் கொடுக்கத்தான் ஆள் இல்லை.

அய்யனின் நோயில் உடனிருந்தவர்களுக்கும், இறுதிக் காரியங்களில் தோள் கொடுத்தவர்களுக்கும், உபதேசியாருக்கும், பத்திரம் எழுதியவருக்கும் என் நன்றி. சித்தப்பாவுக்கு நன்றி என்று எழுதக் கை கூசுகிறது. அவர் எனக்கு இன்னோர் அய்யன். பத்திரம் இப்போது என்னிடம் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுகிறேன். காட்ட வேண்டிய ஒருவர்தான் இல்லை.