விடுதிக் கணக்கில் ஒரு கல்யாண மண்டபம்

எங்கள் ஆபீசில் எந்தப் புது வேலையையும் முதலிலிருந்து யோசிப்பதில்லை. வாடிக்கையாளர் கேட்பதை எழுதிக் கொடுத்தால் போதும். நாங்கள் உருவாக்கிய கருவி பழைய மென்பொருள் வடிவமைப்புகளைத் துழாவி, இதைப் போல எது இருக்கிறதோ அதை எடுத்துப் பெயர்களை மாற்றித் தந்துவிடும். பள்ளிக்கூடத்தில் இதற்குப் பெயர் ஈயடிச்சான் காப்பி. ஆபீசில் இதற்காக எனக்குக் கைதட்டினார்கள்.

திருக்கழுக்குன்றத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு முன்பதிவுச் செயலி கேட்டார்கள். மாமல்லபுரத்துக் கடற்கரை விடுதி ஒன்றுக்கு முன்பு செய்ததைக் கருவி பொருத்தமாகக் கண்டது. அறை இருந்த இடத்தில் மண்டபம், விருந்தினர் இருந்த இடத்தில் கல்யாண வீட்டார். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று இரண்டு மூன்று இடம் பார்த்துவிட்டு ஒப்புதல் கொடுத்தேன். பெருமை வேறு. மகளுக்கு மண்டபம் தேடிக்கொண்டிருந்த சித்தப்பாவிடம், "நான் செஞ்சதுதான், போன்லயே புக் பண்ணிடுங்க" என்றேன்.

பதிவு செய்தவர்களில் யாராவது வராமல் போவார்கள் என்று, அறை நிரம்பிய பிறகும் கூடுதலாக ஒரு பதிவு எடுப்பது அந்த விடுதியின் வழக்கம். அந்த விதியும் சேர்ந்தே மண்டபத்துக்கு வந்துவிட்டது. முகூர்த்தம் குறித்துவிட்டு வராமல் போகிற கல்யாண வீடு எங்கே இருக்கிறது? அதை யோசிக்கத்தான் எனக்குச் சம்பளம்.

கல்யாணத்துக்குச் சில நாள் இருக்கையில் சித்தப்பா சமையல்காரரைக் கூட்டிக்கொண்டு மண்டபம் பார்க்கப் போனார். அதே முகூர்த்தத்துக்கு இன்னொரு பெண்ணின் அப்பா இன்னொரு சமையல்காரரோடு அங்கே நின்றுகொண்டிருந்தார். இருவருமே பத்திரிகை கொடுத்து முடித்திருந்தார்கள். சித்தப்பா கூப்பிட்டதும் ஓடினேன். விடுதி விதியைச் சொல்லி, "அது தானா எடுத்துக்கிச்சு சித்தப்பா" என்றேன்.

"நீ பாக்கலியா?"

நான் தரையைப் பார்த்தேன். சித்தப்பா அந்த மனிதரிடம் திரும்பினார். "தப்பு எங்க வூட்டுப் புள்ளயுது. நீங்க இன்னாத்துக்கு அலையணும்? மண்டபத்த நீங்களே வெச்சிக்கோங்க." எனக்குக் கூசிப்போயிற்று. அவர் என்னை இரண்டு திட்டு திட்டியிருக்கலாம்.

அடிவாரக் கோயிலில் தாலி, தெருவில் பந்தல் போட்டுச் சாப்பாடு என்று முடிவாயிற்று. பத்திரிகையைப் பார்த்து மண்டபத்துக்கு வருகிறவர்களைத் திருப்பி அனுப்ப ஓர் ஆள் வேண்டும். நான் நிற்கிறேன் என்றேன். தங்கச்சி கழுத்தில் தாலி ஏறியதை நான் பார்க்கவில்லை. பார்க்க எனக்கு முகமும் இல்லை.

உள்ளே வேறு வீட்டுக் கல்யாணத்து நாதஸ்வரம். வாசலுக்கு வந்தவர்களைக் கோயிலுக்குப் போகச் சொன்னதும் எல்லாரும் கேட்டார்கள். "இன்னாப்பா ஆச்சு? ஏன் கோயிலுக்கு மாத்திட்டீங்க?"

முன்பின் தெரியாத மனிதரிடம் சித்தப்பா என் தப்பை ஒப்புக்கொண்டுவிட்டார். நானோ வந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேரிடமும் ஒரே பதிலைத்தான் சொன்னேன்.

"கம்ப்யூட்டர்ல ஏதோ கோளாறு."