வாகனம் வராத பாதை

சுவிஸில் ஓர் ஏரிக்கரை விடுதியில் பத்தொன்பது வருடம் அறைகளைத் துப்புரவாக்கினேன். விடுதியின் பின்னால், ஏரியை ஒட்டி, சைக்கிளுக்கென்றே ஒரு பாதை போனது. காரோ லொறியோ அதில் வராது. சந்திக்குச் சந்தி சைக்கிள் படம் போட்ட சிவப்புப் பலகை நின்று வழி காட்டும். கோடை தொடங்கினால் அந்தப் பாதையால் வருகிறவர்கள்தான் எங்கள் விருந்தாளிகள். சில்லின் இரண்டு பக்கமும் பைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு பின்னேரத்தில் வந்து சேருவார்கள். ஒரு ஏரியைச் சுற்றி, மலை இடுக்கால் ஏறி, அடுத்த ஏரிக்கு என்று நாட்கணக்காக ஓடுகிற ஆட்கள். அவர்கள் போன பிறகு நான் கதவைத் திறந்தால் குளியலறையில் சேறு இருக்கும். ஹீற்றரில் மறந்துபோன காலுறை காயும். குப்பைக் கூடையில் மடிப்புக் கிழிந்த வரைபடம் கிடக்கும். எனக்கு அந்தப் பாதை தெரிந்தது இவ்வளவில்தான். ஒரு நாளும் அதில் நான் சைக்கிள் ஓடியதில்லை.

என் கணவர் அதே விடுதியின் சமையலறையில் வேலை செய்தார். நான் மத்தியானத்தோடு அறைகளை முடித்துவிட்டுப் பக்கத்து ஊரில் இருந்த முதியோர் இல்லத்துக்கு பஸ் ஏறுவேன். அங்கே உடுப்புத் தோய்க்கும் பகுதியில் இன்னொரு வேலை. வீட்டுக்கு வந்தால் சப்பாத்தைக் கழற்றி, கால்கள் இரண்டையும் கதிரையில் தூக்கிப் போட்டபடி அப்படியே இருப்பேன். லீவு நாளில் நித்திரை கொண்டேன். மகள் வளர்ந்து தன்பாட்டில் வாழத் தொடங்கிய பிறகு, ஊரில், நெல்லியடிக்குக் கிட்ட இருந்த எங்கள் வளவில் ஒரு சிறிய வீட்டைக் கட்டிக்கொண்டு திரும்பி வந்தோம். வந்தால் களைப்பு ஆறும் என்று நினைத்தேன். அது என்னோடு விமானம் ஏறி வந்திருந்தது.

வந்த இரண்டாம் வருடம் அவருக்கு இரத்தத்தில் சீனி கூடிவிட்டது. கிளினிக்கில் டொக்டர் சொன்னார்: "நடக்க முழங்கால் விடாதெண்டால் சைக்கிள் உழக்குங்கோ ஐயா. தினம் ஒரு மணித்தியாலம் காணும்."

அவர் ஒன்றுக்கு இரண்டாகச் சைக்கிள் வாங்கி வந்தார். பெண்கள் ஓடும் சைக்கிள் எனக்கு. நான் அதை விறாந்தையில் சாத்திவைத்துவிட்டு அதன் கரியரில் உடுப்புக் காயப்போட்டேன். அவர் தனியே பருத்தித்துறை றோட்டால் போய்வந்தார். இரண்டாம் கிழமை, ஒன்றையொன்று முந்திக்கொண்டு வந்த மினிபஸ்களில் ஒன்று அவரைக் கரைக்கு ஒதுக்கிவிட்டது. பெரிய காயமில்லை. முழங்கை உரிந்து, உடுத்திருந்த சறம் கிழிந்து, சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். நான் மருந்து போடும்போது சொன்னார்:

"அங்கை உப்பிடி இல்லை. சைக்கிள் ஓடுற ஆளுக்கு வேறையாப் பாதை போட்டிருக்கிறாங்கள்."

"இது அங்கை இல்லை."

"தெரியும். இஞ்சையும் ஒண்டு இருக்கும். தேடத்தான் வேணும்."

அன்றிலிருந்து தேடினார். போன வருடக் கலண்டர் தாளின் பின்பக்கத்தில், போனில் படம் பார்த்துப் பார்த்துப் பென்சிலால் குறுக்குப் பாதைகளையும் ஒழுங்கைகளையும் வரைந்தார். காலையில் போய்ப் பார்த்துவிட்டு வந்து சில கோடுகளை அழிப்பார். நாய் கூடின ஒழுங்கை, மணல் புதைகிற ஒழுங்கை, யாரோ வேலியடைத்து முடித்துவிட்ட ஒழுங்கை. கடைசியில் தைமாதம் ஒரு நாள், கரவெட்டிப் பக்கத்தால் இறங்கி, தோட்டவெளி தாண்டி, வயலுக்குள்ளால் போய், கடல்நீரேரிக் கரையில் ஏறும் ஒரு பாதையைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னார்.

"இஞ்சேரும், நாளைக்கு ரெண்டு பேருமாப் போவம்."

"எனக்கு ஏலாது."

"ஒரு வாகனமும் வராது. நான் மூண்டு தரம் போய்ப் பாத்திட்டன்."

அவர் என்னிடம் எதையும் இரண்டு தரம் கேட்கிறவரல்ல. அடுத்த நாளும் கேட்டார். அதற்கு அடுத்த நாள் பாணும் சம்பலும் கட்டிக்கொண்டு, தண்ணீர்ப் போத்தலும் எடுத்து வெளிக்கிட்டேன்.

முதல் ஒரு மணித்தியாலம் நல்லாகவே இருந்தது. புகையிலைத் தோட்டங்களுக்கு நடுவால் செம்மண் ஒழுங்கை போனது. நான் பழக்கத்தில் அடிக்கொருதரம் திரும்பிப் பார்த்தபடி வந்தேன்.

"பின்னாலை பாக்காதையும்," என்றார். "ஒண்டும் வராது."

பார்க்காமல் விட்டேன். தோள் இரண்டும் கொஞ்சம் இறங்கியது தெரிந்தது. வயல்வெளி திறந்தபோது நெல் முற்றிச் சாய்ந்து நின்றது. அதற்கப்பால் கடல்நீரேரி தட்டையாகக் கிடந்தது; கரையில் நாரைகள் ஒற்றைக்காலில் நின்றன. உழக்கவே தேவையில்லாததுபோல் சைக்கிள் தன்பாட்டில் ஓடியது. வயது போனாலும் பலம் இருக்கிறது என்றுகூட நினைத்தேன். வாடைக்காற்று முதுகில் பிடித்துத் தள்ளிக்கொண்டு வருகிறது என்பது எனக்குப் பிடிபடவில்லை.

பிறகு அறுவடை மெசின் வந்தது. பாதையின் அகலம் முழுவதையும் எடுத்துக்கொண்டு, பின்னால் நெல் ஏற்ற மூன்று ட்ரக்ரரோடு. நாங்கள் சைக்கிள்களை வயலுக்குள் இறக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் நின்றோம். தூசியும் பதரும் தலையில் கொட்டின. என் கணவர் வந்து பார்த்த நாட்களில் அறுவடை தொடங்கியிருக்கவில்லை.

அதையும் தாண்டிப் போனால், கரைப் பாதையை ஓரிடத்தில் மழைவெள்ளம் அறுத்துவிட்டிருந்தது. மறுபக்கத்துக்குப் போக வழியில்லை. பாணைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம்.

திரும்பிய உடனே காற்று முகத்தில் அறைந்தது. நான் உழக்க உழக்கச் சைக்கிள் நின்ற இடத்திலேயே நின்றது. வெயில் ஏறியது. ஒரு பனைக்கும் மற்றப் பனைக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று அன்றைக்குத்தான் அறிந்தேன். கொஞ்ச நேரத்தில் என் முன் சில்லில் உடைமுள் ஏறிக் காற்றுப் போய்விட்டது. அவர் பையில் பம்ப் இருந்தது, ஒட்டுத்துண்டு இருந்தது. ஆனால் ரியூப் ஒட்டுகிற சொலூசன் குப்பிக்குள் காய்ந்து கட்டியாகியிருந்தது.

நான் வரம்பில் இருந்துவிட்டேன்.

"எனக்குக் களைச்சுப் போச்சுதப்பா," என்றேன். "இண்டைக்கு மட்டும் இல்லை."

அவர் என்னைத் தேற்ற நினைத்தார் போலிருக்கிறது. பக்கத்தில் இருந்து, "எதிர்க்காத்து உப்பிடித்தான்," என்றார். "அங்கை, சுவிஸிலை, ஏரியின்ரை மற்றக் கரையாலை திரும்பி வரேக்கையும் உப்பிடித்தான் முகத்திலை அடிக்கும். தலையைக் குனிஞ்சுகொண்டு மெல்ல மெல்ல உழக்கவேணும்."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

அவர் கையிலிருந்த குப்பியின் மூடியைத் திருகித் திருகிப் பூட்டினார்.

"விடுதியிலை விருந்தாளியளுக்கெண்டு ரெண்டு சைக்கிள் நிண்டது தானே. அதிலை ஒண்டை எடுத்துக்கொண்டு போறனான்."

மத்தியானச் சமையலுக்கும் இரவுச் சமையலுக்கும் நடுவில் அவருக்கு மூன்று மணித்தியாலம் ஓய்வு இருந்தது. வீட்டுக்குப் போய்ப் படுக்கிறார் என்றுதான் அவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

"எவ்வளவு காலம்?"

"ஒரு ஏழெட்டு வருசம். மழை, பனி இல்லாத நாளிலை."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீர் அந்த நேரம் உடுப்புத் தோய்க்கப் போறனீர். வந்து கால் ரெண்டையும் தூக்கிப் போட்டுக்கொண்டு இருப்பீர். நான் ஏரியைச் சுத்திப் பாத்திட்டு வாறன் எண்டு என்னெண்டு சொல்லுறது?"

எனக்குக் கோபம் வரவில்லை. அதற்கும் உடம்பில் ஏதாவது மிச்சம் இருக்கவேண்டும். அவர் இன்னொருத்தியிடம் போகவில்லை, குடிக்கப் போகவில்லை. வெறும் சைக்கிள். அப்படித்தான் எனக்குள் சொல்லிக்கொண்டேன். ஆனால் கண்ணுக்குள் வேறொன்று வந்து நின்றது. நீராவி நிறைந்த அந்த அறையில் நான் யாரோ ஒரு கிழவரின் படுக்கை விரிப்பை மடிக்கிறேன். அதே நேரம் இவர் காற்றுப் பட்டபடி தண்ணீரைப் பார்த்துக்கொண்டு போகிறார்.

வைக்கோல் ஏற்றிக்கொண்டு லாண்ட்மாஸ்ரர் ஒன்று வந்தது. இரண்டு சில்லு உழவு மெசினுக்குப் பின்னால் பெட்டி பூட்டியிருந்தது. அதை ஓட்டி வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும்.

"எங்கையண்ணை போட்டு வாறியள் உதாலை?"

"சும்மா. சைக்கிள் ஓட வந்தனாங்கள்."

அவர் எங்கள் இரண்டு பேரின் கோலத்தையும் பார்த்தார். "சும்மாவோ," என்றார். இறங்கி வைக்கோலை ஒதுக்கிச் சைக்கிள்களை ஏற்றினார். நான் வைக்கோலின் மேல் இருந்தேன். கணவர் அவருக்குப் பக்கத்தில் இருந்தார். நெல்லியடிச் சந்தியில் இறங்கிச் சைக்கிள்களை வீட்டுக்கு உருட்டிக்கொண்டு வந்தோம்.

கோபம் மூன்றாம் நாள் வந்தது. விடிய எழும்பி அவருக்குக் குரக்கன் புட்டு அவித்துக்கொண்டிருந்தேன். அவர் முற்றத்தில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் அடுப்பை நிற்பாட்டிவிட்டு வெளியே வந்தேன்.

"இனிமேல் விடியச் சமையல் உங்களோடை," என்றேன். "சைக்கிள் ஓடிப்போட்டு வந்து சமையுங்கோ. நான் படுக்கப் போறன்."

அவர் துணியைப் பிழிந்து கொடியில் போட்டார். "ஓம்," என்றார்.

"ஒரு நாளைக்கு இல்லை. எப்பவும்."

"ஓம் எண்டு சொல்லிப்போட்டன் தானே."

அப்படித்தான் இப்போது நடக்கிறது. அவர் தோட்டவெளி வரை போய்த் திரும்புகிறார். சீனியும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. நான் வெயில் யன்னலுக்கு வரும்வரை படுத்திருக்கிறேன். எல்லா நாளும் நித்திரை வருவதில்லை. சும்மா கிடக்கிறேன். பிறகு அவர் என்னைச் சாப்பிடக் கூப்பிடுகிறார். சமையலறையில் அவ்வளவு காலம் நின்ற மனிதருக்குப் புட்டு மட்டும் கட்டிபடுகிறது. இடியப்பம் பரவாயில்லை.

சாப்பிடும்போது சிலவேளை அந்த ஏரிப் பாதையைப் பற்றிக் கேட்பேன். முதலில் தயங்கித் தயங்கிச் சொன்னார். இப்போது வளைவுக்கு வளைவு சொல்கிறார். படகுத்துறை தாண்ட ஒரு சிறிய மரப்பாலம் வருமாம். அதைக் கடந்தால் ஆப்பிள் மரங்களாம். பிறகு தண்ணீரைப் பார்த்தபடி, இருந்து களைப்பாற ஒரு மர வாங்கு போட்டிருக்குமாம். அதில் பத்து நிமிடம் இருந்துவிட்டுத்தான் திரும்புவாராம்.

"அதிலை இருந்து என்ன யோசிக்கிறனீங்கள்?" என்று ஒரு நாள் கேட்டேன்.

அவர் கோப்பையைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

"ஒண்டும் யோசிக்கேல்லை. கால் நோகுது எண்டு யோசிச்சன்."

அவருக்கும் கால் நொந்திருக்கிறது. அந்தப் பதில் எனக்குப் போதுமாக இருந்தது. இன்னொரு இடியப்பம் போடச் சொன்னேன்.