தாவித் தாவி நகர்ந்த அம்புக்குறி

இதை நம்பி எவரேனும் பொருள் வாங்கக்கூடும் என்பதால், நானே சரிபார்த்தவற்றை மட்டும் எழுதுகிறேன்.

திருமயத்தில் திருமண ஆல்பம் வடிவமைக்கிறேன். துபாயிலிருந்து தம்பி கொண்டுவந்த 4கே மானிட்டரில் அம்புக்குறி தாவித் தாவியே நகர்ந்தது.

"நாளைக்குத் துபாய் கெளம்பிருவேன்க்கா. வாங்குன கடையிலயே திருப்பிக் குடுத்துரவா?" என்றான்.

"பொறுடா. ஒங்க மாமா மாதிரி அவசரப்படாத."

திரை நொடிக்கு முப்பது முறையே புதுப்பிக்கப்படுவதாகக் கணினி காட்டியது. மானிட்டரின் கையேடோ அறுபது என்றது. என் கணினியிலிருந்த பழைய கிராபிக்ஸ் கார்டின் கையேட்டையும் தேடிப் படித்தேன். இவ்வளவு துல்லியமான திரைக்கு அதன் எச்டிஎம்ஐ இணைப்பு முப்பதும், அருகிலிருந்த டிஸ்ப்ளேபோர்ட் இணைப்பு அறுபதும் தருமாம். எச்டிஎம்ஐயில் செருகியிருந்த கேபிளை எடுத்துவிட்டு டிஸ்ப்ளேபோர்ட் கேபிளைச் செருகியதும் அம்புக்குறி வழுக்கிக்கொண்டு ஓடியது. குறையற்ற மானிட்டர் விமானமேறாமல் தப்பியது.

இப்போதெல்லாம் மானிட்டர் வாங்குமுன், கார்டின் ஒவ்வோர் இணைப்பும் எவ்வளவு தரும் என்று படித்துவிடுகிறேன். கணினியை உறக்கநிலையிலிருந்து எழுப்பும்போது திரை ஒருகணம் கறுத்து மீள்வது ஏன் என்பது இன்னும் எனக்குத் தெரியவில்லை.