பூ மூடிய பொத்தான்

காணிக்கைராஜ் இறந்த செய்தி என் கைப்பேசிக்கு எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வந்தது. என் கருவிக்குத் தமிழ் எழுத்து தெரியாது. அனுப்பியவர் விழுப்புரத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த ஜோசப். அவரைக் கூப்பிட்டேன். "காணிக்கை அண்ணன் போய்ட்டாருங்க. மாரடைப்பு. நாளைக்கு அடக்கம்," என்றார். எந்தக் கருவியிலும் எழுத்து தெரியவேண்டும் என்று வாழ்ந்தவரின் மரணச் செய்தி எனக்கு இப்படி வந்தது. அவர் இருந்திருந்தால் என்னைத் திட்டமாட்டார். கைப்பேசி செய்த கம்பெனியைத் திட்டியிருப்பார்.

திண்டிவனத்தில் ஒரு மாடி அறையில் அவர் இணையப் பக்கங்கள் செய்தார். அவற்றுக்கான தமிழை நான் எழுதினேன். 'அன்புடன் வரவேற்கிறோம்' என்பதே என் படைப்புகளில் அதிகம் பேர் படித்தது. அந்நாட்களில், பக்கத்தைத் திறக்கும் பிரவுசரைக் குறித்து, 'இந்த உலாவியில் பார்த்தால் சிறப்பு' என்று பக்கத்தின் அடியில் போடுவது நாகரிகம். அவர் போடமாட்டார். வற்புறுத்திய ஒருவரிடம், "ஏங்க, கல்யாணப் பத்திரிகையில, இந்தக் கம்பெனி பஸ்ல வர்றவங்களுக்குத்தான் சாப்பாடுன்னு போடுவீங்களா?" என்று கேட்டார். வற்புறுத்தியவர் பஸ் முதலாளி. சற்று யோசித்தார்.

பக்கங்களை எழுதப் பொதுவிதிகள் உண்டு. அவற்றின்படி எழுதினால் எந்த உலாவியிலும் திறக்கும், ஒரு கம்பெனியின் தந்திரத்தை நம்பினால் அந்தக் கம்பெனியின் உலாவியில் மட்டும்தான் என்பார். முடித்த பக்கத்தைத் தம் கணினியில் பார்த்துத் திருப்தி அடையமாட்டார். ஜோசப்பின் கடையில் இலவசமாகக் கிடைத்த வேறு உலாவி இருந்தது. அதில் பார்ப்பதற்காகவே விழுப்புரத்துக்கு பஸ் ஏறுவார். இதைப் படிப்பவர்களில், அவரை அறிந்த உங்களில் பலருடைய கணினியையும் இப்படி இரவல் கேட்டிருப்பார்.

அப்படி ஒருநாள் நானும் உடன் போயிருந்தேன். முகையூரிலிருந்து வந்த தந்தையும் மகளும் அங்கே ஒரு கணினியோடு போராடிக்கொண்டிருந்தார்கள். திண்டிவனத்துச் செவிலியர் பயிற்சிப் பள்ளி ஒன்றுக்கு விண்ணப்பிக்க அன்று மாலை ஐந்து மணி வரைதான் கெடு. பள்ளியின் பக்கத்தைச் செய்தவர் காணிக்கைராஜ். பிறகு தாளாளரின் அக்கா மகன் அதில் அலங்காரமாகத் திரையில் பூ உதிரச் செய்திருந்தார். தாளாளரின் கணினியில் பூக்கள் உதிர்ந்து மறைந்தன. இந்தக் கடையின் உலாவியில் உதிர்ந்தவை மறையாமல் குவிந்தன. குவிந்த இடம், 'அனுப்பு' என்ற பொத்தான்.

"இன்னா சார், அப்ளிகேசனுக்கே மாலை போட்டுட்டாங்களா?" என்றார் தந்தை.

மகள் சிரிக்கவில்லை. "இது போவலன்னா மாமா வூட்ல கல்யாணம் பேசி முடிச்சிடுவாங்க சார்," என்றாள்.

காணிக்கைராஜ் தாளாளரை போனில் அழைத்தார். அவர் குரல் எங்களுக்கே கேட்டது. "என் கம்ப்யூட்டர்ல அருமையா தெரியுதேப்பா. இங்க வந்து போடச் சொல்லு."

"பஸ்ஸு வர்றதுக்குள்ள அஞ்சு மணி ஆயிடுங்க. பூவை எடுத்துடறேன்."

"எடுக்காதப்பா! நாளைக்கு அமைச்சர் திறந்து வைக்கிறாரு. பூ விழுந்தாவணும்."

ஒரு மாதமாகத் திறந்தே கிடந்த பக்கம் அது.

"அமைச்சருக்குக் கையாலயே பூ போடலாங்க," என்று சொல்லி போனை வைத்தார். அந்தக் கடையிலிருந்தே பூக்களை நீக்கினார். அந்தப் பெண் பொத்தானை அழுத்தினாள்.

மறுநாள் திறப்பு விழாவில் அமைச்சரும் ஒரு பொத்தானை அழுத்தினார். பூ விழவில்லை, பக்கம் மட்டும் திறந்தது. அதைக் குற்றமாகக் கொண்டு தாளாளர் வேலையை அக்கா மகனிடம் கொடுத்தார். "வருத்தமா?" என்று கேட்டேன். "நமக்கு இன்னொரு பக்கம் கிடைக்குங்க. அந்தப் பொண்ணுக்கு அந்த ஒரு சாயங்காலம்தான இருந்துச்சு," என்றார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தச் சாயங்காலத்துக் கேள்வி ஒன்றைத்தான். அவள் பொத்தானை அழுத்திய பின், திரை அவர் கண்ணெதிரேதான் இருந்தது. ஆனாலும் அவள் பக்கம் குனிந்து, "உனக்கு இன்னாம்மா தெரியுது?" என்று கேட்டார். "'விண்ணப்பம் கிடைத்தது'ன்னு வந்திருக்குங்க," என்று அவள் வாய்விட்டுப் படித்த பிறகே நாற்காலியை விட்டு எழுந்தார். எழுதி முடித்ததும் 'நன்றாக இருக்கிறதா?' என்று கேட்டுத் திரிந்தவன் நான். அன்றிலிருந்து படிப்பவரிடம் அவர் கேட்டதைத்தான் கேட்கிறேன்.